கல்லுப்பட்டி ரோட்டு மரம்

மகன் பாலகணேஷ் பைக் விபத்தில் செத்துப்போன பிறகு ஹம்சவேணி யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவாள், கூப்பிட்டால் வருவாள். அவ்வளவுதான். முனிச்சாலையில் சாயப்பட்டறை வைத்திருந்த அவள் புருஷன் ஜனகராஜ் ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை.

மாசி மாதம் டி. கல்லுப்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினார்கள். சாலையோரத் தோப்பில் ஒரு மரம், பேருக்குக்கூட இலையில்லாமல் மேலிருந்து கீழ்வரை பூத்து நின்றது. ஹம்சவேணி ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். "அது என்ன மரங்க?" என்று, தமிழில்லாத அவர்கள் வீட்டுப் பாஷையில் கேட்டாள்.

ஜனகராஜ் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மறுநாளே அந்தத் தோப்புக்குப் போனாரே, ஒரு பூவைப் பறித்தாரா, ஒரு குச்சியை ஒடித்தாரா? பூ வாடினால் நிறம் போய்விடும் என்று சாயக்காரப் புத்தி வேலை செய்துவிட்டது. அங்கிருந்தவர்களுக்கும் பெயர் தெரியவில்லை. கண் நிறையப் பார்த்துவிட்டு வந்து, நாலு சாயத்தைக் கலந்து சுற்றிக் கட்டிய ஒரு கழி நூலை முக்கி எடுத்தார். அச்சு அசல் அதே நிறம்.

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் அனந்தநாராயணனிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூவுக்கு எத்தனை இதழ், காய் எப்படி என்று கேட்டார். அம்புட்டு நேரம் மரத்தைப் பார்த்த ஜனகராஜுக்கு நிறத்தைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

"கலரை வச்சு எப்படி ஸார் சொல்றது? ஒரு இலையாவது கொண்டு வாங்க."

கல்யாண சீசன் ஆர்டர் அவரை விடவில்லை. பங்குனி கடைசியில் போனால், தோப்பு முழுக்கப் பச்சை. பூ ஒன்றில்லை. எது அந்த மரம்? ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், பிடிபடவில்லை. கைக்கு எட்டியதிலெல்லாம் இலை பறித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பேராசிரியர் பாவம், ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். இதில் மூன்று மரம் அந்த நிறத்தில் பூக்கும், நீங்கள் பார்த்தது எது என்று கேட்டார். ஜனகராஜ் இலைகளைத் திரும்பப் பையில் அள்ளிப் போட்டார்.

வீட்டில் ஹம்சவேணி அவர் முகத்தையே பார்த்தாள். மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன? வாய் வரை வந்தது. அவளிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. நூல் கழியை அவள் மடியில் வைத்தார்.

"பேர் தெரியலம்மா. கலர் மட்டும் இதுதான்."

அவள் நூலைத் தடவிப் பார்த்தாள். "பரவாயில்ல, விடுங்க" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.