அரிசியில் இருந்த கல்

காணிக்கை அரிசியைத் தின்றவள் நான். செல்வராணி அல்ல.

சொல்லிவிட்டேன். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் பத்து வருடங்களுக்கு மேல் ஊர் ஊராகத் திரிந்திருக்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், எங்கள் ஊரில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளி இருந்தது. ஓட்டுக் கட்டடம், இரண்டு அறைகளில் ஐந்து வகுப்புகள். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவரவேண்டும். நம்மைவிட இல்லாதவர்களுக்கு அது என்பார் கிரேஸ் டீச்சர். தகர டின்னில் போட்டு ஜெபம் பண்ணுவோம்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு வேறு மாதிரி. ஒவ்வொருவராக முன்னால் போய், அந்த வாரம் செய்த தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். சொன்னால் அடி கிடையாது. ஆற்றில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கல் ஒன்றை, நம் பெயர் ஒட்டிய கண்ணாடிப் பாட்டிலில் டீச்சர் போடுவார். டிங் என்று ஒரு சத்தம்... யாருடைய பாட்டில் அதிகம் நிறைந்திருக்கிறதோ, அந்தப் பிள்ளைதான் கிறிஸ்துமஸ் பவனியில் நட்சத்திரம் தூக்கும்.

டீச்சர் நல்லவர். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். உண்மை பேசும் பிள்ளைகளாக நாங்கள் வளரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

எனக்கு அந்த நட்சத்திரம் வேண்டும்! ஆனால் வாரத்துக்கு ஒரு தவறுக்கு எங்கே போவது? உண்டாக்கினேன். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளினேன் என்றேன். ஜெபத்தின்போது கண்ணைத் திறந்தேன் என்றேன். டிங்... டிங்... எல்லாம் பொய். மற்ற பிள்ளைகளும் அப்படித்தான்.

செல்வராணி மட்டும் அப்படி இல்லை. வாராவாரம் முன்னால் போய் நின்று, "நான் ஒண்ணுஞ் செய்யல டீச்சர்" என்பாள். அவள் பாட்டிலில் ஒரு கல்கூட இல்லை.

"ஏ காலிப் பாட்டிலு! சாமியே ஒனக்கு முன்னால கையக் கட்டி நிக்கணும் போலயே" என்பார்கள் பையன்கள்.

"போங்கடா. பொய்யச் சொல்லியா கல்லு வாங்கணும்?" என்பாள்.

அப்போது நாங்கள் ஐந்தாம் வகுப்பு. அம்மா ஏலத்தோட்டத்து ஜீப்பில் திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவாள். நான் சித்தி வீட்டில் இருந்தேன். அங்கே என் தட்டுதான் கடைசித் தட்டு. சில நாள் அந்தத் தட்டுவரை சோறு வராது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பல வீடுகளில் அப்படித்தான்.

ஆடிக்காற்று அடித்த ஒரு புதன்கிழமை, எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்தேன். டின்னைத் திறந்தேன். ஜன்னலோரம் நின்று, பச்சை அரிசியை அள்ளி அள்ளிச் சத்தம் வராமல் மென்றேன். ஒரு கல் கடிபட்டு, இடப்பக்கக் கீழ்ப்பல்லின் முனை உடைந்தது. துப்பினால் தெரிந்துவிடுமே... பல்லையும் கல்லையும் சேர்த்து விழுங்கினேன். அந்தக் கல்லைப் பற்றி இன்றுதான் முதன்முதலாக வாய் திறக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் டின்னைத் திறந்து காட்டினார். "யாரு எடுத்திருந்தாலும் பரவாயில்ல கண்ணுகளா. சொன்னாப் போதும்."

சொல்லியிருக்கலாம். ஒரு கல்லும் கிடைத்திருக்கும். ஏன் சொல்லவில்லை? செய்யாத தவறுகளைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. ஆனால் இது நடந்தது! சொன்னால் என் பசியும் அல்லவா எல்லோருக்கும் தெரிந்துபோகும்...

என் முறை வந்தது. எழுந்து போனேன்.

"செல்வராணி ஜன்னலோரம் நின்னு காணிக்கை அரிசியத் தின்னதைப் பாத்தேன் டீச்சர். பாத்தும் சொல்லாம மறச்சிட்டேன். அதுதேன் என் தப்பு."

டிங்.

"அய்யோ, இல்ல டீச்சர்!" செல்வராணி துள்ளி எழுந்தாள். "ஏடி ரோஸ்லி, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? எங்கடி பாத்த?"

டீச்சர் அவளைக் கோபிக்கவில்லை. "எல்லாரும் கண்ண மூடுங்க. செல்வராணி மனசு தெறக்குற வரைக்கும் நம்ம காத்திருப்போம்" என்றார்.

கண்களை மூடினோம். ஓடுகளைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்த காற்று நின்றுபோனது. பள்ளி விடும் நேரம் கடந்தது. ஒருவரும் அசையவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒன்றுக்குப் போகவேண்டும் என்று விசும்பியது. நான் மெல்லக் கண்ணைத் திறந்தேன். அத்தனை மூடிய முகங்களுக்கு நடுவில் அவள் மட்டும் கண்களைத் திறந்தபடி நின்றாள்... என்னையே பார்த்துக்கொண்டு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஒரு குரல் கேட்டது. அது அவள் குரல் போலவே இல்லை.

"நாந்தேன் டீச்சர். நாந்தேன் தின்னேன்."

எல்லோரும் கை தட்டினார்கள்! டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். காலிப் பாட்டிலில் விழுந்த முதல் கல், எங்கள் எல்லோருடைய கற்களையும்விடப் பெரிதாய் ஒலித்தது.

அடுத்த வெள்ளி, யாரும் கூப்பிடும் முன் அவள் முன்னால் போனாள். "எதிர் வீட்டு ஆடு செத்தது என்னாலதேன்" என்றாள். அதற்கடுத்த வாரம், காற்றில் சாய்ந்த வாழைகள் அவளால். பிறகு யாரோ கிணற்றுப் படியில் வழுக்கியது அவளால். பையன்கள் சிரித்துப் பார்த்தார்கள்; பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகம்போல அவள் முகம் அமைதியாக இருந்தது. டீச்சர் தயங்குவார். ஆனால் சொன்னால் கல் என்பது அவரே வைத்த சட்டம் அல்லவா? போடுவார்.

அந்த வருடம் நட்சத்திரத்தை அவள்தான் தூக்கினாள். இருட்டும் முன் பவனி கிளம்பியது. ஒவ்வொரு வாசலிலும் நாங்கள் பாட, அவள் கம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டில் நடந்த ஏதோ ஒரு கெடுதலைச் சொல்லி, "என்னாலதேன்" என்றாள்.

தை மாதம் அவளுடைய தம்பி காய்ச்சலில் இறந்தான். கைக்குழந்தை. அந்த வெள்ளிக்கிழமையும் அவள் வந்தாள்.

"தம்பி செத்தது என்னாலதேன் டீச்சர்."

கல் டீச்சரின் கையிலேயே இருந்தது. பாட்டிலுக்குள் விழவில்லை. அவர் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகத்தில் அவர் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றதோ... அப்போதாவது எழுந்திருக்கலாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஜெபிக்கிற பிள்ளையைப் போல!

அதோடு வெள்ளிக்கிழமைகள் முடிந்தன. பாட்டில்கள் பரண்மேல் ஏறின.

ஐந்தாம் வகுப்போடு நானும் நின்றுவிட்டேன். குமுளியில் ஏலக்காய் தரம் பிரித்தேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். செங்கல் சுமந்தேன். எங்கும் ஒரு வருடம் தங்கியதில்லை. எங்கே இருந்தாலும் உலையில் போடும் முன் அரிசியை இரண்டு தடவை புடைத்துவிடுவேன்.

போன வருடம், லோயர் கேம்ப் பேருந்து நிறுத்தத்தில், உச்சி வெயிலில் அவளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் கண்டுகொண்டாள்.

"ஏ ரோஸ்லி! என்னடி கருவாடு கணக்கா வத்திப் போயிட்ட? திருப்பூருல சோறே போடலயா?"

சிரித்தாள். தோட்ட வேலைக்குப் போய்த் திரும்புகிறாளாம். எல்லோரையும் போலத்தான் இருந்தாள். எனக்கு மூச்சு வந்தது. எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"செல்வா, அந்தக் காணிக்கை அரிசி... நீ திங்கலடி. நாந்தேன் தின்னேன். பழிய ஒம்மேல போட்டுட்டேன்."

பிஞ்சுக் குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கென்னடி கிறுக்கா? நாந்தேன் தின்னேன். ஜன்னலோரத்துல நின்னு. ஒரு கல்லு கடிபட்டுச்சு. முழுங்கிட்டேன். இந்தா பாரு."

விரலால் கீழுதட்டை இழுத்துக் காட்டினாள். இடப்பக்கம். கீழ்ப்பல். முனை இல்லை.

என் நாக்கு தானாக என் பல்லைத் தேடிப் போனது. அங்கேயும் அதே பள்ளம்...

பேருந்து வந்தது. ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"எனக்காக ஒண்ணும் நீ பொய் சொல்ல வேணாம்டி. அதுக்குக் கல்லு கெடைக்காது!"

மறுபடி சிரித்தாள். பேருந்து போய்விட்டது.

அவள் ஏற்கவில்லை. அதனால் உங்களிடம் வந்தேன். முழுவதையும் சொல்லிவிட்டேன். பொய் ஒன்றுமில்லை. சொல்லி முடித்து, கல் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன்...

ஒரு சத்தமும் வரவில்லை.