ஒன்றரை மணி நேரக் கைதி

போர் இல்லாத நாளில் போர்ச் சட்டம் படிப்பிப்பவனுக்கு, கண்டி மழையில் ஐஸ்கிறீம் விற்பவனுடைய மரியாதைதான். வகுப்பெடுத்து நொந்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

நாலே விஷயம்

பிடிபட்ட சிப்பாய் பெயர், பதவி, பிறந்த திகதி, படை இலக்கம் ஆகிய நாலையும் சொன்னால் போதும். இதை நடித்துக் காட்டுவதுதான் செய்முறைப் பரீட்சை. கைதி அதற்கு மேல் வாய் திறந்தால் எல்லாருக்கும் புள்ளி குறையும் என்று சட்டம் போட்டது நான்தான். வகுப்பில் அத்தனை பேரும் தளபதியாகத்தான் நடிப்போம் என்று நின்றார்கள், கைதிக்கு ஆளில்லை. கெலிஓயாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் மாணவர் பஸ்லான் தளபதி வேடத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் கைகாட்டினார்.

"சேர்தான் சரி. நாங்க என்ன கேட்டாலும் வெளங்குற மாதிரி பதில் வராதே."

வாசலில் பணிப்பாளர்

அடுத்த தவணை இந்த வகுப்பு வேண்டுமா என்று முடிவெடுக்க எங்கள் கல்வி நிலையத்துப் பணிப்பாளர் வந்தது பரீட்சை நடந்த அதே சனிக்கிழமை. மடுல்கெல்லயிலிருந்து படிக்க வரும் செல்வராணி டீச்சர் காவலுக்கு நின்று, அவரை வாசலிலேயே மறித்தார். உள்ளே கதிரையில் நான். எழுந்து கும்பிடவும் வழியில்லை, கூப்பிடவும் வழியில்லை. வகுப்பு கைவிட்டுப் போகிறதே என்று வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன்.

"கைதிய வேடிக்கை பாக்க விடக்கூடாதுங்க சேர். அப்படி உக்காருங்க."

சாட்சியில்லாச் சந்திப்பு

கடைசியில் செல்வராணியே வழி சொன்னார்: நடுநிலைப் பிரதிநிதியாக வந்தால் கைதியோடு தனியே பேசலாம், கைதியும் குறை சொல்லலாம். பணிப்பாளர் வந்து உட்கார்ந்தார். விடுவேனா? மூன்றாம் வரிசையில் கூரை ஒழுகுவது, அதற்கு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வராதது, எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிக்காமல் எழுதியவர், தளபதி பஸ்லானைக் கூப்பிட்டுத் தாளை நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கைதியை வச்சிருக்கிறவர்தான் குறையைத் தீர்க்க வேணும். நீங்கள் படிப்பிச்ச சட்டம்தானே?"

கூரையில் தளபதி

அடுத்த சனிக்கிழமை போனால், பஸ்லான் ஏணி வைத்து ஏறிப் புதுத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். வகுப்பு என்னவாயிற்று என்று கீழே நின்று பயந்து பயந்து கேட்டேன்.

"பணிப்பாளர் அடுத்த தவணைக்கும் கையெழுத்து வெச்சிட்டாரு சேர். வகுப்ப மூடினா தகரத்தக் கழட்டிட்டுப் போயிடுவேன்னு சொன்னேன்."

பன்னிரண்டு வருடம் விரிவுரையாளராக இருந்து சாதிக்க முடியாததை ஒன்றரை மணி நேரம் கைதியாக இருந்து சாதித்தவன் நான்.