பஞ்சவர்ணம் என்று பெயர் வைத்த படம்

2004 ஜனவரி 16: பழைய டிவி, 150 ரியால்.
2004 பிப்ரவரி 6: விசிடி பிளேயர், 90 ரியால்.
2004 ஜூன் 11: ஹாங்காங் பேய்ப்படம், 10 ரியால்.

தோஹா தொழில்பேட்டையில், எங்கள் கேம்ப் அறையில் சினிமா காட்டக் கார்மேகம் செலவழித்தது இவ்வளவுதான். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர்; கம்பி கட்டும் வேலை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரவல் வாங்கிய படம் போடுவார். புரியாத மொழி என்றால் டிவி பக்கத்தில் நின்று தானே தமிழில் வசனம் சொல்வார். பாத்திரங்களுக்கு ஊர்ப் பெயர்தான். படுக்கைக் காட்சி வந்தால் துண்டை விரித்துத் திரையை மறைப்பார்.

"துண்டை எடுங்கப்பு, பேய் மூஞ்சி தெரியல" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

எதிர் பிளாக்கில் முத்துராமனும் படம் போட்டார். கார்மேகத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே துண்டு கிடையாது. கூட்டம் அங்கே போயிற்று. கார்மேகத்தின் அறைக்குத் 'துண்டுக் கொட்டகை' என்று முத்துராமன் பெயர் வைத்தது கேம்ப் முழுவதும் பரவியது. அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் ஹாங்காங் படம்.

ஒரு வியாபாரியின் மனைவி அவனுடைய தொழில் எதிரியோடு சேருகிறாள். இருவருமாக அவனைக் கொல்கிறார்கள். பிணம் எழுந்து வந்து படுக்கையிலேயே இருவரையும் கிழித்துப் போடுகிறது. அன்று கார்மேகமும் துண்டை விரிக்கவில்லை. நிற்கவும் இடமில்லாத கூட்டம். அந்த மனைவி திரையில் வந்ததும் சொன்னார்:

"இவதான் பஞ்சவர்ணம். புருசன் வெளிநாட்டுல ஒழைக்கிறான், இவ பண்றதப் பாருங்கப்பு."

பஞ்சவர்ணம் முத்துராமனின் மனைவி. அவர்கள் கல்யாணப் பந்தியில் கார்மேகம் பரிமாறியிருக்கிறார். அறை முழுவதும் சிரித்தது. அவருக்கு வேண்டியிருந்ததும் அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

மாலையில் சிலர் ஊருக்குப் போனில் சொல்லிச் சிரித்தார்கள். கேட்டவர்களுக்குப் படம் தெரியாது, பெயர் தெரியும். கொஞ்ச நாளில் அது பஞ்சவர்ணத்தைப் பற்றிய பேச்சாகி, முத்துராமனின் அண்ணன் அவருக்குப் போன் செய்து விசாரித்தார். முத்துராமன் மனைவியோடு பேசுவதை நிறுத்தினார். அந்தப் பெண் குழந்தையோடு தாய்வீடு போய்விட்டது.

கார்மேகம் முத்துராமனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். முத்துராமன் சத்தம் போடவில்லை.

"எத்தனையோ பேரு கெடக்கு. அந்தப் பேரு எப்படி ஒன் வாய்ல வந்துச்சு?"

"ஒன்னைய அசிங்கப்படுத்தத்தான்ப்பு. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"சும்மா சொல்லுவியா? ஏதோ தெரிஞ்சுதான் சொல்லியிருக்க."

கார்மேகம் டிவியை விற்றார். 2008இல் ஊர் திரும்பும்வரை எந்த அறையிலும் படம் பார்க்க உட்காரவில்லை. நடந்ததை விளக்கி முதலில் பஞ்சவர்ணத்தின் தகப்பனாருக்கும், பிறகு அந்தப் பெண்ணுக்கும் தன் பெயர் போட்டே கடிதங்கள் எழுதினார். புருஷன் கைவிட்ட பெண்ணுக்குக் கத்தாரிலிருந்து இன்னொரு ஆண் கடிதம் எழுதினால் ஊர் என்ன பேசும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பஞ்சவர்ணத்திடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. "அவுக லீவுல வந்துட்டு என்னையப் பாக்காமலே போயிட்டாக. நீங்க எழுத எழுத ஊரு நெசம்னே நம்புது. இனி எழுதாதீங்க." அதன்பின் இரு பக்கமும் கடிதம் இல்லை. அந்தப் பதில் வந்து சேர்ந்த நாள் 2005 நவம்பர் 19.