வீட்டில் எத்தனை பேர்

யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் எங்களைப் போன்ற கடைக்காரர் வீடுகளில் ஆட்களை எண்ணுவது லேசான வேலையல்ல. தகப்பன்மார் தெற்கில் ஏதாவதொரு பட்டணத்தில் கடை வைத்திருப்பார்கள். வருசப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் வருவார்கள். அவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்று, குடும்ப விபரம் எழுத வரும் விதானையாரே ஒருமுறை தடுமாறுவார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் தெற்கில் தமிழர் கடைகள் எரிந்தன. அப்பாவின் கடையும் போயிற்று என்று கேள்விப்பட்டோம். அப்பாவிடமிருந்து கடிதமில்லை. புரட்டாதி பிறந்தும் இல்லை. அம்மா அழவில்லை. அப்பாவின் வேட்டி சட்டைகளைத் தோய்த்து மடித்து, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். தபால்காரர் வரும் நேரம் வாசல் படலைக்குப் போய் நிற்பதையும் நிறுத்திவிட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா அப்பாவைக் கைவிட்டுவிட்டார் என்று நானே தீர்ப்பெழுதி, அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் வந்த ஒருத்தி எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். மற்றவர் மனதில் இருப்பதைச் சொல்லுவாளாம். இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மட வீட்டில எத்தனை பேர் எண்டு மனதுக்குள்ள நினையும். சொல்லாதையும்."

அம்மா, நான், தம்பி. மூன்றா, நாலா? அப்பாவையும் சேர்த்துக்கொண்டேன். நாலு என்று நினைத்தேன்.

"ரெண்டால பெருக்கி, அஞ்சைக் கூட்டும். வந்ததை அஞ்சால பெருக்கும்."

அறுபத்தைந்து என்றேன். "நாலு பேர்" என்றாள். அப்பா உயிரோடு இருப்பது இவளுக்குத் தெரிந்திருக்கிறது!

"எங்கட அப்பா எப்ப வருவார்?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறிப்போயிற்று. "ஐயோ, அது எனக்கு ஏலாது. கடைசி இலக்கத்தை விட்டிட்டு, மிச்சத்தில ரெண்டைக் கழிக்கிறனான். அவ்வளவுதான்."

அவளோடு இரண்டு நாள் கோபம். ஆனால் கணக்குக் கொப்பியில் போட்டுப் பார்க்கப் பார்க்க எனக்கு அதிசயமாக இருந்தது. எந்த எண்ணை உள்ளே ஒளித்தாலும் அது தானாக வெளியே வந்து நின்றது. அவளுக்கு மாயமந்திரம் ஒன்றும் தெரியாது. என் மனதில் இருந்ததை நானேதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அப்படியென்றால் அம்மாவும் சொல்லுவார்தானே?

அம்மா பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டுப் போடுவதற்குப் பனம்பழம் பிசைந்துகொண்டிருந்தார். முழங்கைவரை மஞ்சள் களி. பக்கத்தில் போய்க் குந்தினேன். வீட்டில் எத்தனை பேர் என்று மனதுக்குள் நினைக்கச் சொன்னேன். பெருக்க, கூட்ட, திரும்பவும் பெருக்கச் சொன்னேன். அம்மாவுக்கு மனக்கணக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஐம்பத்தைந்து என்றால் மூன்று பேர்; ஐம்பத்தைந்து என்று சொல்லிவிடாதே அம்மா என்று நான் நல்லூர்க் கந்தனுக்கே நேர்த்தி வைத்தேன்.

"அறுபத்தைஞ்சு" என்றார்.

இத்தனை நாளும் வாயால் சொல்லாத ஒன்றை, ஒரு வாய்ப்பாட்டுக் கணக்கு என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டது. பயமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன.

"நாலு" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பின்ன எத்தனை எண்டு நினைச்சனி?"

அம்மா அடுத்த பழத்தை எடுத்துத் தோலை உரித்தார்.

"அலுமாரிப் பூட்டுத் திறப்பு சாமிப்படத்துக்குப் பின்னால கிடக்கு. என்ர கையெல்லாம் களி. கொப்பற்ற சட்டையளுக்குள்ள வைச்ச வேப்பிலை காய்ஞ்சிருக்கும், புதுசு மாத்திவிடு. பூச்சி அரிச்சுப்போடும்."

கார்த்திகை மழைக்குள் அப்பா வந்து சேர்ந்தார். மாற்றிக்கொள்ள அம்மா எடுத்துக் கொடுத்த சட்டையில் வேப்பிலை மணத்தது.