விழுந்தவர்களின் பெயர் முதலில்

செவ்வாய்க்கிழமை காலை புறநகரான சார்செலில் இருந்து வரும் ரயிலில் கதவோரம் நசுங்கிக்கொண்டு நின்றபோது கைபேசி அதிர்ந்தது. தில்லை அண்ணையின் மகள் நிலானி பிரெஞ்சில் இரண்டு வரி எழுதியிருந்தாள். அப்பா விடியப் போய்விட்டார், வலி இருக்கவில்லை, அம்மா பக்கத்தில் இருந்தார். இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கார் து நோர் நிலையம் வரை போய், மேடையில் ஓர் இருக்கையில் வெகுநேரம் குந்தியிருந்தேன். அழுகை உடனே வரவில்லை. அவள் எழுதியிருந்த ஒழுங்கைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சுற்றி வளைக்காமல் நடந்ததை முதல் வரியிலேயே சொல்லியிருந்தாள். சில மாதங்களுக்கு முன்பு அவள் அப்படி எழுதியிருக்கமாட்டாள்.

அண்ணையின் மனைவி சரோ அக்கா, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். இந்த மலர்களில் எனக்குப் பெரிய விருப்பம் கிடையாது. இறந்தவர் எல்லோரும் அவற்றில் பண்பின் உருவமாகிவிடுகிறார்கள். உயிரோடு இருந்தபோது அவர்களோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள் கவிதை எழுதுகிறார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தில்லை அண்ணை பிடிவாதக்காரர், கோபக்காரர், அவர் போடும் தேநீரை வாயில் வைக்க முடியாது. நம் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் உங்களில் பாதிப்பேருக்கு அவரை 'அவுஸ்திரேலியாப் பந்துக்காரர்' என்று சொன்னால்தான் தெரியும். அந்தப் பந்தைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன்.

அவருடைய தங்கை மெல்பேர்னில் இருக்கிறார். ஓய்வு பெற்ற வருடம் அண்ணை அங்கே போய் ஆறு கிழமை நின்றார். தங்கையின் மகள் ஒருநாள் மைதானத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். திரும்பி வரும்போது எங்களுக்கு அவுஸ்திரேலியாச் சொக்கலேற் வரும் என்று காத்திருந்தோம். அவர் கழுத்தில் ஒரு சால்வையோடு வந்து இறங்கினார். தங்கை வீடு இருக்கிற பகுதியின் அணி நிறம் என்றார். அந்த அணியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். மெல்பேர்னில் இருக்கும் மற்ற அணிக்காரச் சொந்தங்கள் இந்த மலரைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

அங்கே இரவில் நடக்கும் ஆட்டம் எங்களுக்குச் சனிக்கிழமை முற்பகல். ரூ பெர்தொனே தெருவில் நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையின் தொலைக்காட்சியை அண்ணை மெல்ல மெல்லக் கைப்பற்றினார். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, சந்தையில் கோழி தப்பி ஓடினால் ஆட்கள் துரத்துகிறமாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். அண்ணை ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவரே காகிதத்தில் வட்டம் கீறி விளங்கப்படுத்தினார். பந்தும் நீள்வட்டம், மைதானமும் நீள்வட்டம். காலால் உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி. குறி சற்றுத் தப்பி ஓரத்தால் போனால் ஒரு புள்ளி.

"வேறை எந்த விளையாட்டிலை குறி தப்பினவனுக்கும் புள்ளி குடுக்கிறாங்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு புள்ளிக்காகத்தான் அவர் அந்த விளையாட்டில் விழுந்தார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமைகளில் நிரந்தரமாக மூன்றுபேர் இருப்போம். அண்ணை, நான், மூன்றாவதாக அந்துவான் ஐயா. அவர் புதுச்சேரிக்காரர், இங்கே தபால் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கென்று அணி கிடையாது. எங்கள் அணியோடு அன்று யார் மோதுகிறார்களோ அவர்களுடைய பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். யாராவது எதிர்ப்பக்கம் இல்லாவிட்டால் தில்லைக்குப் பொழுது போகாது என்பது அவருடைய வாதம்.

எங்கள் அணி வென்றால் அண்ணை எல்லோருக்கும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கிக் கொடுப்பார். ஆனால் தட்டு வந்தவுடன் கை வைக்க முடியாது. முதலில் அன்றைய ஆட்டத்தில் காயப்பட்டவர்களின் பெயர்களை வாசிக்கவேண்டும். இரண்டு அணிகளினதும். யாருக்கு எங்கே அடி, எழும்பி நடந்தானா, எத்தனை கிழமை விளையாட முடியாது என்பதெல்லாம் வரவேண்டும். கைபேசியில் தேடி வாசிக்கிற வேலை என்னுடையது. ஒரு கிழமை, மூன்று கிழமை, சீசன் முடிந்தது, இன்னும் தெரியாது என்று அதில் போட்டிருக்கும். ரோல்ஸ் ஆறுகிறது என்று அந்துவான் ஐயா முணுமுணுப்பார். வெற்றியைக் கொண்டாட விடமாட்டேன் என்கிறீர்களே என்று நானும் ஒருமுறை சண்டை பிடித்தேன்.

"வெண்டது எங்கையும் ஓடாது, குகன். முதல் விழுந்தவனைச் சொல்லும்," என்றார்.

அவர் இருபத்தாறு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை செய்தவர். அந்த வேலையைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டார். ஒருநாள் மட்டும் சொன்னார். படுத்திருப்பவருக்குக் கூரையும் விளக்கும்தான் தெரியும், எங்கே போகிறோம் என்று தெரியாது. எல்லோரும் தலைக்கு மேலால் கதைப்பார்கள், லிப்டுக்குள் போனதும் பேச்சை நிறுத்துவார்கள். அண்ணை ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லிக்கொண்டுதான் தள்ளுவாராம். இப்போது இடப்பக்கம் திரும்புகிறோம், இப்போது லிப்ட், இரண்டாம் மாடி, படம் எடுக்கும் அறை. தனக்குத் தெரியாததைக் கேட்டால் தெரியாது என்பார். தெரிந்ததைக் கேட்டால் ஒளிக்கமாட்டார். அதற்காக இரண்டுமுறை மேலதிகாரியிடம் பேச்சு வாங்கியிருக்கிறார்.

அந்தப் பட்டியலில் நானும் ஒருமுறை ஏறினேன். ஒபர்வில்லியேயில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் படியில் சறுக்கி இடுப்பை அடித்துக்கொண்டேன். லீவு எடுத்தால் என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் வீட்டிலும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் கதிரையில் உட்கார்ந்த விதத்தை அண்ணை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காயப்பட்டவர்களை வாசித்து முடித்ததும், கடையில் இருந்த அத்தனைபேருக்கும் கேட்க, "குகன். இடுப்பு. மூண்டு கிழமை," என்று சேர்த்துவிட்டார். கடைக்காரர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார், அந்துவான் ஐயா என்னை மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் சரியாக மூன்று கிழமை. என் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒளித்தோம்.

போன குளிர்காலத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. பரிசோதனைகள் நடந்தன. ஈரலில் வந்திருக்கிறது, பரவியும் விட்டது, மாதக் கணக்குத்தான் என்று மருத்துவர் நிலானியிடம் சொல்லியிருக்கிறார். அன்று பார்த்து அண்ணை மருந்து மயக்கத்தில் இருந்தார். நிலானி இங்கே பிறந்த பிள்ளை, அலுவலகத்தில் பத்துப்பேருக்கு மேல் அதிகாரி. என்னைக் கார் து நோருக்கு முன்னால் ஒரு கபேக்கு வரச் சொல்லி, பிரெஞ்சில் எல்லாவற்றையும் விளக்கினாள். அப்பாவுக்கு வயிற்றுப் புண் என்று சொல்லியிருக்கிறோம், அம்மாவும் அதைத்தான் விரும்புகிறா, நீங்களும் சொல்லக்கூடாது என்றாள். வாங்கிய கோப்பியை அவள் தொடவே இல்லை. நான் தலையாட்டினேன். நம் ஆட்களில் யார் வீட்டில்தான் நோயாளிக்கு உண்மையைச் சொல்கிறார்கள்? அன்று எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரி அறையில் அவரோடு ஆட்டம் பார்த்தேன். கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தோம். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது தொடங்குமுன் மருந்து அவரைத் தூங்க வைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாம் நடந்தது. எங்கள் அணியின் பதினேழாம் இலக்கக்காரன், அண்ணை தன் பிள்ளைபோலப் பார்த்த பையன், மேலே பாய்ந்து பந்தைப் பிடித்துக் கீழே வரும்போது முழங்கால் மடங்கி விழுந்தான். எழும்பவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் இரண்டுபேர் நொண்டிக்கொண்டு வெளியே போனார்கள். மாற்று ஆட்கள் முடிந்துவிட்டார்கள், எஞ்சியவர்கள் கால் இழுக்க இழுக்க ஓடினார்கள். கடைசி நிமிடத்தில் புள்ளிகள் சமன். களைத்துப்போன ஒருவன் உதைத்த பந்து குறி தப்பி ஓரத்தால் போனது. ஒரு புள்ளி. ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. நான் கதிரையை விட்டு எழும்பிச் சத்தமில்லாமல் கையைத் தட்டினேன்.

அண்ணை கண் திறந்தார்.

"வெண்டுட்டம் அண்ணை," என்றேன்.

"ஆர் விழுந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

அவர் கூரையைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் விழாத ஆட்டம் ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, பிடிபட்டுவிட்டேன் என்று.

"குகன், லிப்டுக்குள்ளை நிண்டுகொண்டு பேசாமல் இருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். வாசியும்."

வாசித்தேன். இரண்டு அணிகளிலும் ஐந்து பெயர்கள். பதினேழாம் இலக்கத்துக்கு வந்தபோது நிறுத்தினேன்.

"முழங்கால் நார் அறுந்துபோச்சு எண்டுதான் நினைக்கினம் அண்ணை. சீசன் முடிஞ்சுது."

"என்ரை பேருக்குப் பக்கத்திலை என்ன போட்டிருக்கு?"

நிலானிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பிள்ளை தொடாமல் வைத்த கோப்பியும் நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் எங்களுடைய பட்டியலில் வைத்துக் கேட்கிறார். அதில் நான் ஒருநாளும் பொய் வாசித்தது கிடையாது, சற்றுமுன் சொன்ன அந்த ஒன்றைத் தவிர.

"அதுதான் அண்ணை," என்றேன். "அதேதான்."

அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். சரோவுக்குத் தெரியுமா என்று கேட்டார், ஓம் என்றேன். பிள்ளைக்கு? ஓம். அந்துவானுக்கு? அதற்கும் ஓம் என்றேன்.

"அப்ப நான் மட்டும்தான் லிஸ்ட் வாசிக்காமல் ரோல்ஸ் திண்டுகொண்டு இருந்திருக்கிறன்," என்றார். பிறகு, எத்தனை புள்ளியால் வென்றோம் என்று கேட்டார். ஒன்று, அதுவும் குறி தப்பினது என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, தாதி ஓடிவந்து என்னை வெளியே அனுப்பினார்.

நிலானி இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. வாக்குக் கொடுத்ததும் நான், மீறியதும் நான். இன்றைக்கும் அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்பேன், ஆனால் மறுபடியும் அந்தக் கதிரையில் உட்கார்ந்தால் அதையேதான் செய்வேன்.

அண்ணை ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கு வந்தார். மெல்பேர்னில் இருந்து தங்கை வந்து ஒரு மாதம் நின்றார். இருவரும் பால்ய காலத்துச் சண்டைகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சரோ அக்காவுக்கு வங்கி அட்டை முதல் வாடகைக் கடிதம் வரை எல்லாவற்றையும் தானே சொல்லிக்கொடுத்தார். தான் பயந்த அளவுக்கு அதில் கஷ்டம் இல்லை என்று அக்கா பிறகு எனக்குச் சொன்னார். வருகிறவர்களிடம் தன் நோயின் பெயரைத் தானே சொல்லி, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

கோடையில் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தார். சக்கர நாற்காலியை நிலானிதான் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற எனக்கு அவளுடைய குரல் முதலில் கேட்டது. நடைபாதை ஏறுகிறோம் அப்பா, இப்போது வலப்பக்கம், முன்னால் ஒரு பெட்டி இருக்கிறது, சுற்றிப் போகிறோம். எல்லாம் பிரெஞ்சில்தான். மெதுவாச் சொல்லு, அவசரப்படாதே என்று அவர் திருத்திக்கொண்டு வந்தார். தகப்பன் அந்துவான் ஐயாவோடு வாதாடத் தொடங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, இப்போது அப்பாவிடம் எதையும் கேட்க முடிகிறது மாமா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். அன்று எங்கள் அணி படுதோல்வி. தோற்றால் ரோல்ஸ் கிடையாது என்பது சட்டம். அண்ணை சட்டத்தை மீறினார்.

அதற்கு மூன்றாம் கிழமைதான் நிலானியின் இரண்டு வரி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை.

சரோ அக்கா அவருடைய சால்வையை எனக்குத் தந்தார். வாங்கிக்கொண்டேன், ஆனால் கோடையில் அதைப் போட்டுக்கொண்டு நடக்க எனக்கு அவரளவு துணிச்சல் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒழுங்குதான். யாரோடு கதைத்தாலும் முதலில் விழுந்ததைக் கேட்கிறேன், பிறகு வென்றதை. வேலையிடத்தில், வீட்டில், தொலைபேசியில். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பலர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்கள்போலச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

செத்தவீடு முடிந்து வந்த சனிக்கிழமை கடைக்குப் போனோம். நிலானியும் வந்து அப்பாவின் கதிரையில் உட்கார்ந்தாள். எங்கள் அணி வென்றது. அந்துவான் ஐயா, வாழ்க்கையில் முதல்முறையாக, எங்கள் பக்கத்தில் இருந்தார். ரோல்ஸ் வந்தது. நான் கைபேசியை எடுத்துப் பட்டியலைத் தேடினேன். நிலானி அதை என் கையிலிருந்து வாங்கினாள். திரையில் இல்லாத ஒரு பெயரை முதலில் சொன்னாள், தமிழில்.

"தில்லையம்பலம். ஈரல். சீசன் முடிஞ்சுது."

பிறகு மற்றப் பெயர்களை ஒவ்வொன்றாக, இரண்டு அணிகளினதும், அவசரப்படாமல் வாசித்து முடித்தாள். ரோல்ஸ் நன்றாக ஆறிப்போயிருந்தது. தட்டு வெறுமையாகும்வரை சாப்பிட்டோம்.