இரண்டாவது கலியாணத்துக்கு முன் வாசித்த நாவல்

கணவர் இறந்து எட்டு வருடங்களுக்குப் பிறகு, நாற்பத்து நான்காவது வயதில், மறுபடி கலியாணம் செய்ய ஒப்புக்கொண்டேன். கலியாணப் பதிவுக்கு மூன்று வாரம் இருந்தது. சேலை, மோதிர வேலைகளைத் தங்கை பார்த்துக்கொண்டாள். எனக்கு ஒரு வேலைதான் இருந்தது: மனதை உலுக்கும் ஒரு நாவலைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட வேண்டும்.

கணவர் இருந்த காலத்தில் மாதம் நாலைந்து நாவல் வாசிப்பவள் நான். அவர் போன பிறகு, கதையில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலே புத்தகத்தை மூடிவிடுவேன். எட்டு வருடமாகப் பத்திரிகையும் சமையல் குறிப்பும்தான். அந்தப் பயத்தோடு புது வாழ்க்கைக்குள் போக எனக்கு விருப்பமில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் புத்தகக் கடைக்குத் தங்கையும் கூட வந்தாள். கடைக்காரர் ஒரு காதல் கதையை நீட்டினார்.

"இது வேண்டாம். புருசன் செத்துப்போன பொம்பிளையின்ர கதை ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, உங்களுக்கென்ன விசரே? கலியாணத்துக்கு நாள் வைச்சுப்போட்டுச் சாவுக் கதை வாசிக்கப் போறீங்களோ?"

"ஓம். இப்ப வாசிக்காட்டி எனக்கு எப்பவும் ஏலாது."

கடைக்காரர் சிரிக்கவில்லை. பின் தட்டிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்துவந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனின் மனைவியைப் பற்றியது. முதல் பக்கத்தில் அவன் உயிரோடு இருந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே அவளைக் கேலி செய்துகொண்டிருந்தான். வாங்கிவிட்டேன்.

என் அலுவலகம் துறைமுகத்துக்குப் பக்கத்தில். மதிய இடைவேளைகளில் கடலைப் பார்த்த மர வாங்கில் உட்கார்ந்து வாசித்தேன். ஐந்தாம் நாள் கதையில் படகு தொலைந்தது. நான் தயாராக இருந்ததால் அழவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் வாசித்த பக்கத்தில் அந்த மனைவி சந்தைக்குப் போய், பழக்கத்தில் இரண்டு பேருக்கு மீன் வாங்கி, வீட்டுக்கு வந்து சட்டியில் போடும்போதுதான் அதைக் கவனிக்கிறாள். அங்கே உடைந்துபோனேன். நானும் மாதக்கணக்காக இரண்டு பேருக்கு அரிசி போட்டவள்தான்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி ஓடிவந்தாள். "என்னப்பா, வீட்டில ஆருக்கும் ஏதுமோ?"

"இல்லை, கதையில," என்றேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

வெள்ளிக்கிழமை நாவல் முடிந்தது. அன்று பின்னேரம், நான் கலியாணம் செய்யவிருந்த கணித மாஸ்டர் கடற்கரைக்கு வந்தார். நாவல் விசயம் அவருக்கு முன்பே தெரியும்.

"முடிச்சிட்டீங்களோ?"

"ஓம். நல்லா அழுதனான்."

"கலியாணத்தைத் தள்ளிவைக்க வேணுமெண்டாலும் பறவாயில்லை. எனக்கு அவசரமில்லை."

"ஏன் தள்ளவேணும்? அழுதுபோட்டும் வாசிச்சு முடிச்சனான்தானே."

மாஸ்டர் மணலில் உட்கார்ந்தார். பிறகு, "அவர் என்ன மாதிரியான ஆள்?" என்று கேட்டார். என் கணவரைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினேன். அவர் ஒருமுறை எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டு வந்த கதையைச் சொன்னபோது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இருட்டும்வரை கதைத்தோம்.

பதிவு குறித்த நாளிலேயே நடந்தது. கையெழுத்து வைக்கும்போது மாஸ்டர்தான் திகதியைப் பிழையாக எழுதி வெட்டித் திருத்தினார். நான் முழுப் பெயரையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.