கப்பலில் காத்த துடக்கு

நோர்வேக்குக் கப்பலில் போவோம் என்று தொடங்கியவன் வெம்பிளிக்காரன். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் இருந்தவன். டூட்டிங்காரன் உடனே ஓம் என்றான். அகதியாக லண்டனுக்கு வந்த காலத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தவர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் செவன் கிங்ஸில் என் வீட்டில் கூடி முந்நூற்றிநாலு ஆடுவோம். சீட்டு ஆடுகிறோம் என்று பெயர்தான். கூடுவதே சண்டை பிடிக்க.

எனக்குப் போக மனமில்லை. யாழ்ப்பாணத்தில் அண்ணைக்குச் சுகமில்லாமல் இருந்தது. அவர் கலியாணம் கட்டவில்லை, பிள்ளைகள் இல்லை. "எனக்கு நீதான் கொள்ளி வைக்கோணும்" என்று போனில் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். நான் ஓம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அவரே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டதாகவும் என்னைப் போய் வரும்படியும் சொன்னார். மனைவியும் போகச் சொன்னாள். போன வருடம் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவளுக்கு நான் உடைகிற சாமான். சத்தமாகத் தும்மினாலும் ஓடி வருவாள். குளிருக்குப் பயந்து அவள் வரவில்லை.

குளிர்காலத்தில் நோர்வேயின் வடக்குக் கரையில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொன்னால் பேஸ்புக்கில் படம் போடுகிறவர்களுக்குக் கோபம் வரும். மத்தியானத்தில் கொஞ்ச நேரம் நீலமாக வெளிக்கும், பிறகு இருட்டு. கறுப்புத் தண்ணீர், கறுப்பு மலை, அதன் அடியில் நாலு வீட்டு வெளிச்சம். கப்பல் ஒவ்வொரு சின்னத் துறைமுகமாகப் போய்ப் பெட்டிகளை இறக்கும், திரும்பவும் இருட்டுக்குள் போகும்.

ஏறின அன்று நல்ல மீன் சாப்பிட்டோம். அடுத்த நாள் எனக்கு முன்னால் அவித்த உருளைக்கிழங்கும் கரட்டும் வந்தன. இன்றைக்கு மீன் பழுது என்று வெம்பிளிக்காரன் சொன்னான். பக்கத்து மேசையில் எல்லோரும் அதே மீனைத்தான் தின்றார்கள். அதற்கடுத்த நாளும் கிழங்கு. இருதயத்துக்கு நல்லது என்றார்கள். அவர்களும் கிழங்கே தின்றார்கள். லண்டனிலிருந்து காவி வந்த விஸ்கிப் போத்தல் திறக்காமலே கிடந்தது.

என் போனில் படம் நன்றாக வருகிறது என்று டூட்டிங்காரன் அதை வாங்கி வைத்துக்கொண்டான். சாப்பாட்டுத் தட்டோடு என்னைப் படம் எடுத்தான். கிழங்கைப் படம் எடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று ஏசினேன். அண்ணையோடு கதைக்க வேண்டும் என்றால் சிக்னல் இல்லை என்றான். எங்களுக்கு எதிரில் ஒரு வெள்ளைக்காரி பேரப்பிள்ளையோடு வீடியோவில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பின்னேரம் வானத்தில் வடதுருவ வெளிச்சம் தெரிகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எல்லோரும் மேல்தட்டுக்கு ஓடினோம். கண்ணுக்கு அது புகை மாதிரி ஒரு சாம்பல் பட்டை. போனில் மட்டும்தான் பச்சை. டூட்டிங்காரன் என் போனைத் தூக்கிப் பிடித்திருக்கும்போதே அது அடித்தது. சிக்னல் இல்லாத போன். அவன் வெட்டினான். யாரோ விளம்பரக்காரன் என்றான். நான் நம்பினேன்.

அடுத்த நாள் பெரிய ஊர் ஒன்றில் கப்பல் நின்றது. விமான நிலையம் உள்ள ஊர். மேல்தட்டில் மூன்று பேரும் நின்று விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்தோம். அதற்கு மறுநாள் சீட்டாடும்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

அன்று நானே வென்றுகொண்டிருந்தேன். நான் அவ்வளவு நன்றாக ஆடுகிறவன் இல்லை. கடைசியில் வெம்பிளிக்காரன் சீட்டைக் கவிழ்த்து வைத்ததும் நான் எடுத்துப் பார்த்தேன். துரும்பு வீரன் அவன் கையில் இருந்தது. அந்த ஆட்டத்தில் அதை வெல்ல வேறு சீட்டில்லை. பெற்ற தகப்பனுக்கும் ஒரு பிடி விட்டுக்கொடுக்காதவன், அதைப் போடாமல் வைத்திருந்து என்னை வெல்ல விட்டிருக்கிறான்.

"அண்ணைக்கு என்னடா?" என்று கேட்டேன்.

டூட்டிங்காரன் யன்னலைப் பார்த்தான். வெம்பிளிக்காரன்தான் சொன்னான்.

"முடிஞ்சுது மச்சான். கப்பல் ஏறின அடுத்த நாளே."

"கொள்ளி?"

"உன்ர ஒண்டுவிட்ட தம்பி வைச்சவர். நேற்று. உன்ர மனுசிதான் சொல்ல வேண்டாம் எண்டவ. ஹார்ட் ஆள், கப்பலில ஏதும் நடந்தா என்ன செய்யிறதெண்டு."

நேற்று. நாங்கள் விமானங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற நாள். வெளிநாட்டிலிருந்து உரித்துக்காரன் வருகிறான் என்றால் எங்கள் ஊரில் பிரேதத்துக்கு மருந்து அடித்துக் காத்திருப்பார்கள். எனக்காகவும் காத்திருந்திருப்பார்கள். வருகிறாயா என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

"பிறகேன்டா எனக்கு மீன் தரேல்லை?"

"துடக்கு எல்லோ," என்றான் டூட்டிங்காரன். "துடக்கில எப்பிடி உன்னை மச்சம் தின்ன விடுறது?"

அண்ணை செத்ததை மறைக்கலாம், செத்த வீட்டுத் தீட்டில் மீன் தின்ன விடக்கூடாது. இதுதான் என் கூட்டாளிமாரின் நியாயம். கையில் இருந்த சீட்டுகளை அவன் முகத்தில் எறிந்துவிட்டு அறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினேன். சாவு கேட்டால் முழுக வேண்டும். குளியலறைத் திரை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றது. என் இருதயத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை.

லண்டனுக்கு வந்ததும் மனைவி அழுதாள். உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நடக்கவில்லையே என்று கத்தினேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சீட்டு இல்லை.

அந்தியேட்டிக்கு யாழ்ப்பாணம் போனேன். முப்பத்தோராம் நாள் கிரியைக்காவது நிற்க வேண்டும் என்று. ஒன்றுவிட்ட தம்பி மொட்டை அடித்த தலையோடு வந்து வாசலில் நின்றான். அது என்னுடைய தலையாக இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது, எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை என்று அவனிடம் சொன்னேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

"ஏன் சின்னண்ணை பொய் சொல்லுறியள்?" என்றான். "நீங்கள் கப்பலிலயே துடக்குக் காக்கிறியள் எண்டு லண்டனிலயிருந்து அண்ணி படம் அனுப்பினவ. எல்லாரும் பார்த்தனாங்கள்."

போனைத் திறந்து நீட்டினான். டூட்டிங்காரன் எடுத்த படத்தில், கிழங்கும் கரட்டும் உள்ள தட்டுக்குப் பின்னால் நான் இருந்தேன். மீன் தராத கோபத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. பார்ப்பவர்களுக்கு, அண்ணையைப் பறிகொடுத்தவனின் முகம்தான் அது.

"நல்ல கவலையாத்தான் இருந்திருக்கிறியள்," என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.